சுழிக்கு இடமில்லை

திரையில் வீ என்ற எழுத்தின் தலையிலிருக்கும் சுழிக்கு இடமில்லை. மேலே ஒரு வரிசைக் கட்டம்தான் மிச்சம். ஒரு வரிசைக்குள் சுழி போட முடியாது, சுழி என்றால் சுற்றிலும் கறுப்புக் கட்டங்கள் வேண்டும், நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் வேண்டும், அந்த நடுக்கட்டம் அடைந்துவிட்டால் அது சுழி இல்லை, வெறும் வீக்கம், வீ அப்புறம் வி ஆகிவிடும். மிருதுளா காலையிலேயே சொல்லிவிட்டாள். “விழ்ந்தான்னு படிக்குதுண்ணா. கேம்ல அடி வாங்கி விழறவன் எழுத்துப் பிழையோட விழக்கூடாது.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்போது அவன் வந்திருக்கவில்லை. இப்போது வந்துவிட்டான். என் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். இடது பக்கம் எனக்கு இல்லாத பக்கம், அந்தக் கண்ணில் வெளிச்சமே கிடையாது, இருந்தாலும் தெரிகிறது, வாயால் மூச்சு விடுகிறான், மூக்கு எத்தனை தடவை உடைந்ததோ, உள்ளே இழுக்கும்போது ஒரு சின்ன விசில், வெளியே விடும்போது தைலமும் வெற்றிலையும் கலந்த வாடை. ஒரு கட்டத்தை அழித்தேன். பக்கத்துக் கட்டத்தை நிரப்பினேன். மேசைமேல் எவர்சில்வர் பாட்டில் இருக்கிறது, தண்ணீர் நிறைய இருக்கிறது, நல்ல கனம், திரும்பாமலே கையை வீசினால் போதும், வாயில் படும், பல் உதிரும் சத்தம் எனக்குத் தெரியும், பீங்கான் கோப்பை உடைகிற மாதிரி இல்லை அது, ஈரமாக, உப்புக்கல்லைக் கடித்த மாதிரி இருக்கும். இன்னொரு கட்டத்தை அழித்தேன். வி. இன்னும் வி-தான்.

அரைமணிக்கு முன்னால் மிருதுளாதான் அழைத்துவந்தாள், இந்தக் கம்பெனியே அவளுடையது, பெரம்பூரில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒன்றில் ஏசி வேலை செய்யும், அதில் நான். “சீலன் அண்ணா, இவர்தான் லோகநாதன் சார். ஒரு காலத்துல பாக்சிங்ல ஜில்லா சாம்பியன். நம்ம கேமுக்கு மூச்சு சத்தம், குத்து விடற சத்தம் எல்லாம் இவர்தான் குடுக்கப்போறார். உள்ள மைக் மாட்டற வரைக்கும் இங்க உக்காரட்டும், வெளிய புழுக்கம்.” அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும், என் கண் பிறவியிலேயே அப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானும் மறுத்ததில்லை. அவன் கையை நீட்டினான். நானும் நீட்டினேன். அந்தக் கையை நான் உறையோடுதான் பார்த்திருக்கிறேன், சிவப்பு உறை, மணிக்கட்டில் வெள்ளை நாடா, உறைக்குள் இருக்கும் கை இப்படி மெத்தென்று வெதுவெதுப்பாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள். “நல்லா கீறியா தம்பி” என்றான். முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டான். நல்ல கண்ணையும் பார்த்தான், செத்த கண்ணையும் பார்த்தான், இரண்டும் ஒன்றுபோல அவன் பார்வையில் பட்டு வழுக்கிப் போயின. நடிக்கிறான் என்று நினைத்தேன். நடிக்கட்டும். எத்தனை நேரம் நடிப்பான், மைக் மாட்டுகிற வரைக்குமா, இந்த ஏசியின் இரைச்சலில், என் இடது தோளுக்குப் பின்னால், எவ்வளவு நேரம்.

ழ. வீயை விட்டுவிட்டு ழவைப் பார்ப்போம். ழவுக்கு வால் வேண்டும், கீழே போய் உள்பக்கம் சுருண்டு வர வேண்டும், வால் இல்லாவிட்டால் அது ம. இங்கிலீஷ் எழுத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை, எல்லாம் குச்சியும் மூலையும், கட்டத்துக்குள் கால் மடக்கி உட்கார்ந்துகொள்ளும், நம் எழுத்து எல்லாம் வளைவு, எல்லாம் சுழி, சதுரத்துக்குள் போட்டால் முட்டியும் முழங்கையும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பழைய டப்பா கேம் மாதிரி இருக்க வேண்டும் என்பது மிருதுளாவின் ஆசை, டிவியில் செருகி ஆடுவோமே, அந்த மாதிரி, கட்டம் கட்டமாக மனிதன், கட்டம் கட்டமாக ரத்தம், எழுத்தும் அப்படியே, ஆனால் தமிழில். கண் போன பிறகு கற்றுக்கொண்டதுதான் எல்லாம். எல்இடி போர்டுக் கடையில் ஆரம்பித்தேன், நகைக்கடைக்கு, கோயில் கும்பாபிஷேகத்துக்கு, சிவப்பு விளக்கில் எழுத்து ஓட்டுவது, ஒவ்வொரு விளக்காக எது எரிய வேண்டும் எது அணைய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு கண்ணால் பார்க்கிறவனுக்குத் தூரம் தெரியாது. டம்ளரில் டீ ஊற்றினால் மேசையில் ஊற்றுவேன். கை குலுக்கப் போனால் காற்றைப் பிடிப்பேன். திரையில் தூரமே கிடையாது, எல்லாம் ஒரே பரப்பில், எல்லாம் தொட்டுவிடுகிற கிட்டத்தில். அங்கே எனக்கும் மற்றவனுக்கும் வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதும் திரை என்றுதான், “விழித்திரை கிழிஞ்சு பிரிஞ்சுடுச்சு, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கணும்”, நான் எங்கே வருவேன், முதலில் கறுப்பு நூல் நூலாக மிதந்தது, தூசி என்று நினைத்தேன், அப்புறம் ஓரத்திலிருந்து ஒரு பழுப்பு நிறத் துணி ஏற ஆரம்பித்தது, நாளுக்கு நாள் மேலே, சினிமா முடிந்தால் திரை இறங்குமே அதற்கு எதிர்த்திசையில், பாதி வரைக்கும் வந்தபோதுகூட நான் கிளப்பில் மணல்மூட்டையைக் குத்திக்கொண்டுதான் இருந்தேன்.

மணி. எல்லாம் அந்த மணியில்தான் போய் நிற்கிறது. வியாசர்பாடியில் மாதா கோயிலுக்குப் பின்னால் மைதானம், சாயங்காலம், கம்பத்தில் டியூப்லைட், கயிற்றில் பழைய சேலைத்துணி சுற்றியிருந்தது. முதல் இரண்டு ரவுண்டும் என்னுடையது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இடது கையால் அவன் முகத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன், தட்டித் தட்டி அவன் தலையை நிமிர்த்துவேன், நிமிர்ந்ததும் வலது கை நெற்றிப்பொட்டில் இறங்கும், மறுபடி நெற்றிப்பொட்டு, மறுபடி அதே இடம், கூட்டம் என் பேரைச் சொல்லிக் கத்தியது, ஒரு தடவை அவன் முழங்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்து நிமிர்ந்ததைப் பார்த்தேன், அந்த நிமிடம் இருந்த சந்தோஷம் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை, கல்யாணத்தில்கூட இல்லை. மூன்றாவது ரவுண்டின் கடைசி. மணி அடித்தது. கையை இறக்கினேன். சிவப்பு உறை வந்தது, பெருவிரல் பக்கம், நேராகக் கண்ணுக்குள். அல்லது சிவப்பு உறை வந்தது, கண்ணுக்குள் போனது, மண்டைக்குள் மணி அடித்தது, கை தானாக இறங்கியது. எது முன்னால். எங்கள் வாத்தியார் மணிக்குப் பின்னால்தான் என்று சத்தியம் செய்தார். ரெஃபரி முன்னால் என்றார். வேடிக்கை பார்த்த ஒருவன், மணி அடிக்கவே இல்லை, மணிக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான் என்றான். மணிக்குப் பின்னால் என்றால் அவன் என் கண்ணைத் தோண்டினான். முன்னால் என்றால் நடந்தது பாக்சிங், நான் கையை இறக்கிய மடையன், ஆத்திரப்பட எனக்கு ஒன்றுமில்லை. கண் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் இருப்பதைப் பொறுக்க முடியவில்லை. குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, என் பெண் குழந்தைக்குத் தலைவாரும்போது திடீரென்று அந்த உறை வரும், நான் உடனே கேட்பேன், மணி அடித்ததா, சீப்பு நின்றுவிடும், “அப்பா, வலிக்குது” என்பாள், முடியை இறுக்கிப் பிடித்திருப்பேன்.

விசில் நின்றது. மூச்சு நின்றதா என்று திரும்பினேன். இல்லை, வாயை மூடியிருக்கிறான், அவன் மனைவி உள்ளே வந்து மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுகிறாள். கஸ்தூரி என்று மிருதுளா சொன்னாள், மெலிந்த உடம்பு, தோளில் பெரிய ரெக்சின் பை. “முழுங்கு. தண்ணிய குடி. வெளிய வுடாத.” அவன் என் பாட்டிலைத்தான் எடுத்துக் குடித்தான். அந்தப் பாட்டிலை. கை நடுங்கிச் சட்டையெல்லாம் தண்ணீர். இப்போது கேட்டுவிட வேண்டும், இவள் இருக்கும்போதே, இவளும் கேட்கட்டும், தன் புருஷன் யார் என்று. “லோகு” என்றேன். சார் போடவில்லை, அண்ணா போடவில்லை. “வியாசர்பாடி மேட்ச். மூணாவது ரவுண்டு. மணி அடிச்சப்புறம் அடிச்சியா, அதுக்கு முன்னாலயா?”

அவன் என்னைப் பார்த்தான். வாயோரத்தில் தண்ணீர் நின்றது. “எந்த மேட்ச்சுபா?”

“மாதா கோயிலுக்குப் பின்னால. ஞானசீலன். நான்தான் ஞானசீலன்.”

“ஆங், ஞானசீலன்” என்றான், மரியாதையாக, கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரனுக்குத் தலையாட்டுகிற மாதிரி. அப்புறம் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “யாரு கஸ்தூரி?”

“அவுருக்கு ஒண்ணியும் நெனப்பு இருக்காது தம்பி” என்றாள் அவள். கைக்குட்டையால் அவன் வாயைத் துடைத்தாள், கன்றுக்குட்டிக்குத் துடைக்கிற மாதிரி அழுத்தி. “சண்டை ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. பெரிய பொண்ணு பேரே நேத்து என்னைக் கேட்டாரு. மண்டையில அடி வாங்குனது. டாக்டரு ஒரு அடி இல்லம்மா, எல்லா அடியும் சேந்ததுன்னாரு. எவன் எவன் அடிச்சானோ, நான் யாரைப் போய்க் கேக்க?” மறு அறையிலிருந்து மிருதுளா கூப்பிட்டாள், அக்கா, கொஞ்சம் வாங்க, சார் எவ்ளோ உயரம்னு மைக்குக்குத் தெரியணும். கஸ்தூரி போனாள். போகும்போது, “ரெண்டு நிமிஷம் பாத்துக்கபா” என்றாள். என்னிடம். பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

எவன் எவன் அடிச்சானோ. நெற்றிப்பொட்டில். மறுபடி அதே இடம். இல்லை, அப்படி யோசிக்கக் கூடாது, ஒரு நாள் சாயங்காலம் இரண்டு ரவுண்டில் ஒருவன் இப்படி ஆகிவிட மாட்டான், எத்தனை பேர் அடித்திருப்பார்கள், நான் ஒருவன், நான் அடித்தது மணிக்குள்ளே, விதிக்குள்ளே, கூட்டம் பார்க்க, பேர் சொல்லிக் கத்த. அவன் மறந்துவிட்டான். என்னை மறந்துவிட்டான். என் கண்ணை எடுத்துக்கொண்டு, எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டான். பதில் அவன் ஒருவனிடம்தான் இருந்தது, அவனிடமும் இல்லை, இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை இனிமேல், சாகும்வரை நான் அந்த உறையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தனியாக, அவன் மாத்திரை முழுங்கிவிட்டு விசில் அடித்துக்கொண்டிருப்பான். வீயின் தலையில் மூன்று கட்டத்தை ஒரேயடியாக நிரப்பினேன், வரிசை இல்லாவிட்டால் என்ன, மேல்வரிசையைத் தாண்டி வெளியே நீட்டட்டும், எழுத்து பிய்ந்துகொண்டு போகட்டும். நடுவில் ஒரு வெள்ளை விட்டேன். சுழி வந்துவிட்டது. அசிங்கமாக, தலைக்கு மேல் துருத்திக்கொண்டு, ஆனால் வீ. காதில் மூச்சுப் பட்டது. அவன் நாற்காலியை நகர்த்தி, குருட்டுப் பக்கமாக, என் கன்னத்தை ஒட்டித் தலையை நீட்டித் திரையைப் பார்க்கிறான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். “வீ...ழ்ந்...தான்.” நிறுத்தினான். “யாருபா வுழுந்தான்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

எழுந்தது தெரியாது. நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்த சத்தம்தான் கேட்டது. வலது கையை முழு பலத்தோடு வீசினேன், இத்தனை வருஷமும் மனத்துக்குள் வீசிப் பழகிய கை, தூரம் தெரியாமல் அவன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. தோள்பட்டை பிடுங்கிக்கொண்ட மாதிரி வலித்தது. அவன் பயப்படவில்லை. உட்கார்ந்தபடி என் முஷ்டியைப் பார்த்தான், அக்கறையாக, சாமான் வாங்குகிறவன் பார்ப்பதுபோல. “எட்டலபா” என்றான். “காலை முன்ன வெய்யி.”

காலை முன்னே வைத்தேன். அடித்தேன். தாடையில் விழுந்தது, முழங்கைவரை ஏறியது, உறை இல்லாத கை, எலும்பும் எலும்பும், என் விரல் கணு ஒன்று உள்ளே போனதை உணர்ந்தேன், அவன் நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்தான், பாட்டில் உருண்டது, தண்ணீர். செத்தான் என்று நினைத்தேன். சாகட்டும் என்றும் நினைத்தேன், ஐயோ என்றும் நினைத்தேன், மூன்றும் ஒரே சமயத்தில், எது முன்னால் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவன் ஒரு முழங்காலை ஊன்றினான். எழுந்தான். உதடு கிழிந்து மோவாய் வரைக்கும் ரத்தம், ஆனால் முகம், அந்த முகத்தை இத்தனை நேரமும் நான் பார்க்கவில்லை, யாரோ உள்ளே போய் விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. மோவாய் மார்போடு ஒட்டியது, இடது தோள் ஏறியது, தடுமாறிக்கொண்டிருந்த கால் இரண்டும் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்து நின்றன. “நல்ல கை” என்றான். “எந்த கிளப்பு நீ?” நான் வாயைத் திறப்பதற்குள் விலாவில் இறங்கியது. குருட்டுப் பக்கத்திலிருந்து, பார்க்கவே இல்லை. மூச்சு முழுக்க வெளியே போய்விட்டது. அடுத்தது வயிற்றில். அடுத்தது வரும் என்று தெரிந்தது, அவனைக் கட்டிப்பிடித்தேன், வேறு வழியில்லை, இரண்டு கையையும் அவன் கைக்குள் கொடுத்துப் பூட்டி, நெற்றியை அவன் கழுத்தில் புதைத்து, என் கனம் முழுவதையும் அவன்மேல் போட்டேன், அவனும் போட்டான். அவன் நெஞ்சு என் நெஞ்சில் இடித்தது. சட்டையில் தைலம், ரத்தம், வியர்வை. அந்தக் கழுத்தைக் கடித்துவிடலாம், பல்லுக்கு எட்டும் தூரம், ஒரு கண் போதும் அதற்கு. கடிக்கவில்லை. பிடியை விடவும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு இரைத்தோம், பிரித்துவிட ஆளில்லை.

கஸ்தூரிதான் பிரித்தாள். என் காலரைப் பிடித்து இழுத்து, நல்ல கண் இருக்கும் பக்கமாக ஓங்கி அறைந்தாள். வருவதைப் பார்த்தேன், ஒதுங்கவில்லை. “பாத்துக்கன்னு தானடா வுட்டுட்டுப் போனேன்! புத்தி பேதலிச்ச மனுசனைப் போய்!” மிருதுளா வாசலில் மைக்கைப் பிடித்தபடி வெளுத்து நின்றாள். “சீலன் அண்ணா, என்னண்ணா இது? என்ன பண்ணீங்க?” நான் என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். “இதை எடுத்தது இவன்தான்” என்றேன். குரல் குழந்தைக் குரல் மாதிரி வந்தது, பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கோள் சொல்கிற குரல். கஸ்தூரி என் கண்ணைப் பார்த்தாள். அவள் கை இறங்கியது. “அதுக்கு?” என்றாள். “இப்ப வந்துடுச்சா அது?” முந்தானையைச் சுருட்டி அவன் உதட்டில் அழுத்தினாள். அவன் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான், பல் இடுக்கெல்லாம் சிவப்பு. அவள் பையை மாட்டிக்கொண்டாள், அவனை நடத்திப் பார்த்தாள், நாலடியில் கால் மறுபடி பின்ன ஆரம்பித்தது, அந்த விளக்கு அணைய ஆரம்பித்துவிட்டது. மிருதுளா ஆட்டோ சொல்ல போனைக் காதில் வைத்தபடி முன்னால் இறங்கி ஓடினாள். கஸ்தூரி வாசலில் நின்றாள், படியைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். “இன்னா நிக்கிற? வந்து புடி. ஏத்துறதுக்கே உயிர் போச்சு, தனியா என்னால எறக்க முடியாது.”

போனேன். அவள் முன்னால், அவன் நடுவில், நான் பின்னால். அவன் முதுகில் என் கை இருந்தது, வீங்க ஆரம்பித்துவிட்ட கை, ஈரச் சட்டைக்குக் கீழே முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. செங்குத்தான படி, குறுகல், கைப்பிடி பாதியில் இல்லை. ஒரு தள்ளு. கொஞ்சம் அழுத்தினால் போதும், கால் பின்னுகிறவன், கேட்டால் தவறிவிட்டான் என்பேன், யார் இல்லை என்பார்கள், அவள்கூட உள்ளுக்குள், அவள்கூட ஒரு நிமிடம் நிம்மதியாக, இல்லை, ஏன் இல்லை, அழுத்து, மணிக்குள்ளே மணிக்கு வெளியே எந்த இழவாக இருந்தாலும் இதோடு முடிந்துவிடும், கை அழுத்தியது, உண்மையாகவே கொஞ்சம் அழுத்தியது, அவன் உடம்பு முன்னால் சாய்வது உள்ளங்கையில் தெரிந்தது, சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினேன். அதே சமயம் என் கால் அடுத்த படி இருக்கும் என்று நினைத்த இடத்தில் படி இல்லை, தடுமாறினேன், அவன் கை பின்னால் வந்து என் முழங்கையைப் பிடித்தது. நடுங்கும் கை. ஆனால் இறுக்கமாகப் பிடித்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தான், இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவனைப் போல, செத்த கண்ணில் அவன் பார்வை நின்றது.

“ஐயே, கண்ணு தெரியாதாபா உனக்கு?” என்றான். “என்னைப் புடிச்சிக்க. மொள்ள எறங்கு.”